ஈஸ்ட் ஹாம் அறையில் ஒலித்த தகரச் சத்தம்

மைதானம், விடுதிச் சோறு, அதிபரின் பிரம்பு ஆகிய மூன்றையும் இம்மலரில் ஆண்டுதோறும் யாராவது எழுதிவிடுகிறார்கள். நான் டிபேஷ் மோட் என்ற பிரித்தானிய இசைக்குழுவைப் பற்றி எழுதுகிறேன். இதுவும் நம் கல்லூரிக் கதைதான். 1984இல் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஓர் அறையில் நெருக்கியடித்துக் குடியிருந்த நாங்கள் எல்லோரும் ஒரே விடுதியில் படுத்தெழும்பியவர்கள்.

எங்களுக்கு மூத்த வகுப்பு அண்ணன் ஒருவர் இரவில் பெட்ரோல் நிலையத்தில் நின்றார், பகலில் படித்தார். ஊருக்கு அனுப்பியது போக மிஞ்சிய காசு இசைத்தட்டுக்குப் போய்விடும். "இது என்ன அண்ணை, தகரச் சத்தம்?" என்று கேலி செய்வோம். "தகரம்தான் தம்பி, அதைத்தான் கேட்கச் சொல்கிறேன்" என்பார்.

அவர் சொன்னது மெய். முந்தைய ஆண்டு வந்த இசைத்தொகுப்புக்காக டிபேஷ் மோட் குழுவினர் ஷோர்டிச் பகுதியில் ஒரு கட்டட வேலைத்தளத்துக்குப் போய், இரும்பையும் குழாய்களையும் தட்டி ஒலிப்பதிவு செய்து, அந்த ஒலிகளையே விசைப்பலகையில் ஏற்றி வாசித்தார்கள். எங்கள் அறையிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய இடம்!

எசெக்ஸ் மாவட்டத்து பாசில்டன் பையன்கள் அவர்கள். 1981இல் வந்த முதல் சிங்கிள், அதாவது தனிப்பாட்டுத் தட்டு, பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 57ஆம் இடத்தோடு நின்றது. 'நியூ லைஃப்' 11ஆம் இடம், 'ஜஸ்ட் கான்ட் கெட் இனஃப்' 8ஆம் இடம். உடனே, பாட்டெழுதிய வின்ஸ் கிளார்க் விலகினார். கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். வங்கியில் வேலை பார்த்திருந்த மார்ட்டின் கோர் எழுதத் தொடங்கினார். அலன் வைல்டர் வந்து சேர்ந்தார். வின்ஸ் கிளார்க் யாசூ, இரேஷர் என்ற குழுக்களோடு வேறு வழியில் வென்றது தனிக் கதை.

1984 மார்ச்சில் 'பீப்பிள் ஆர் பீப்பிள்' வந்தது. நிறமும் வழக்கமும் வேறு என்பதற்காக மனிதனை மனிதன் ஏன் வெறுக்கிறான் என்று கேட்கும் பாட்டு. இலங்கையின் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வந்து சேர்ந்த எங்களுக்கு அதற்கு உரை தேவைப்படவில்லை. கேலியும் அன்றோடு நின்றது. பிரித்தானியாவில் 4ஆம் இடம், மேற்கு ஜெர்மனியில் முதலிடம். எழுதிய கோருக்கே பின்னாளில் அது பிடிக்காமல் போனதாம். அது அவர் பாடு.

பிரித்தானிய சிங்கிள் பட்டியலில் அவர்கள் ஒருபோதும் முதலிடம் பிடிக்கவில்லை. ஆனால் 1988 ஜூனில் கலிபோர்னியாவின் ரோஸ் போல் அரங்கத்தை நிறைத்தார்கள்.

என் கணிப்பில் உச்சம், 1990இல் வந்த 'என்ஜாய் த சைலன்ஸ்'. கோர் முதலில் அதை ஹார்மோனியம் போன்ற ஒலியோடு மெதுவான பாட்டாகத்தான் பதிந்து கொடுத்தார். வேகத்தைக் கூட்டிப் பார்ப்போம் என்று வைல்டர் சொல்ல, கோருக்கு மனமில்லை. கடைசியில் வேகமான வடிவமே பிரித்தானியாவில் 6ஆம் இடத்துக்கும் அமெரிக்காவில் 8ஆம் இடத்துக்கும் போனது. காலைப் பிரார்த்தனையில் ஹார்மோனியம் இழுத்து இழுத்து வாசிக்கக் கேட்டுத் தூங்கி வழிந்த நமக்கு வைல்டரின் அவசரம் நன்றாகவே விளங்கும்.

1995இல் வைல்டர் விலகிய பிறகு அந்த நுணுக்கம் குறைந்துவிட்டது என்பது என் கட்சி. அண்ணன் ஒப்புக்கொள்ளவே மாட்டார். 2022இல் குழுவின் ஆண்டி ஃபிளெட்சர் இறந்தபின் மீதி இருவரும் மறு ஆண்டே வெளியிட்ட தொகுப்பைக் காட்டி வாதாடுகிறார். சங்கத்தின் அடுத்த இராவிருந்தில் எங்களிருவரையும் ஒரே மேசையில் இருத்த வேண்டாம் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.