ஒரே நாலு எழுத்து, வேற வேற சத்தம்

நேத்து ராத்திரி பொண்ணோட இங்கிலீஷ் அகராதியைப் புரட்டிக்கிட்டிருந்தேன். ஓ, யு, ஜி, எச்னு முடியிற சொற்கள். 'பௌ' மரக்கிளை. 'சஃப்' காக்கா இனம், காலு சிவப்பு. 'ட்ராஃப்' மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டி. ரெண்டு அலைக்கு நடுவுல விழுற பள்ளமும் அதுதானாம். நம்ம சில்வர் பீச்சுல தினம் பார்க்கிறதுதான்!

அதிகம் பிடிச்சது 'ஸ்லஃப்'. பாம்பு உரிச்சுப் போடுற சட்டை. அதையே 'ஸ்லௌ'ன்னு படிச்சா சேத்து நிலம்.

"அப்பா, முந்திரித் தோப்புல பார்த்தோமே!"ன்னா. ஆமா, சருகுமேல கிடந்துச்சு. கண்ணு இருந்த இடத்துல கண்ணாடி மாதிரி குட்டி வட்டம். அந்தச் சொல்லுக்குப் பக்கத்துல பென்சிலால 'பாம்புச் சட்டை'ன்னு எழுதி வச்சிருக்கா. எவ்வளவு அழகான தமிழ்!