இங்கிலாந்தில் தீபாவளி விடியலுக்குக் காலை 7 மணி

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்திருக்கும் நம்மவர்கள் அக்டோபர் பிறந்ததும் கேட்பது, இங்கே பட்டாசு வெடிக்கலாமா என்றுதான். தாராளமாக வெடிக்கலாம். ஆனால் எதை, எங்கே, எத்தனை மணிக்கு என்பதில் ஊர்ப் பழக்கம் செல்லாது, அதிலும் நாலு மணிக்கு எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி போட்ட கையோடு வாசலில் சரத்தைக் கொளுத்துகிற பழக்கம் சுத்தமாகச் செல்லாது.

2004ஆம் ஆண்டு வந்த விதிகளின்படி இரவு 11 முதல் காலை 7 மணி வரை பட்டாசு விடக் கூடாது. வருடத்தில் நான்கு இரவுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. நாடாளுமன்றத்தைத் தகர்க்கப் பார்த்த 1605ஆம் ஆண்டுச் சதி முறியடிக்கப்பட்டதைக் கொண்டாடும் நவம்பர் 5 அன்று நள்ளிரவு வரை விடலாம். ஆங்கிலப் புத்தாண்டு, சீனப் புத்தாண்டு, தீபாவளி மூன்றுக்கும் இரவு 1 மணி வரை. இந்த நாட்டுச் சட்டத்தில் தீபாவளி என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்த விலக்கு உதவுவது லட்சுமி பூஜை முடித்து இரவில் வெடிக்கும் வடக்கத்தியர்களுக்குத்தான், நரக சதுர்த்தசி விடியலில் வெடிக்கிற நமக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஊரிலும் இதே கதை நடந்தது ஞாபகம் இருக்கும். 2018இல் உச்ச நீதிமன்றம் இரவு 8 முதல் 10 வரை என்று சொன்னதும், எங்களுக்குக் காலையில்தான் தீபாவளி என்று தமிழக அரசு போய் முறையிட்டு, கடைசியில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று ஆனது. இங்கே நமக்காக அப்படி முறையிட யாரும் இல்லை, இருந்தாலும் எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. தீபாவளி அக்டோபர் மூன்றாவது வாரத்தில் வந்தால், இங்கே குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவார்களே, அதை அதற்குள் செய்திருக்க மாட்டார்கள். லண்டனில் சூரியன் வருவதே ஏழரை மணிக்குத்தான். சரியாக ஏழு மணிக்குப் பின்வாசலில் இறங்கினால் இன்னும் முழுதாக விடிந்திருக்காது, சட்டத்துக்கும் பங்கமில்லை. நவம்பரில் வந்தால் விடிந்துதான் இருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் இதை நம்பிக் காலையில் கிளம்பிவிட வேண்டாம், அங்கே 2021 முதல் சாதாரண நாட்களில் மாலை 6 மணிக்குப் பிறகுதான் அனுமதி. வட அயர்லாந்தில் மத்தாப்பு மாதிரிச் சில வகைகளைத் தவிர மற்றதற்கெல்லாம் உரிமம் வாங்க வேண்டும்.

சாத்தூர்க்காரனான எனக்குக் கடையில்தான் ஏமாற்றம். லட்சுமி வெடி, குருவி வெடி, அணுகுண்டு, சரம் என்று வெறும் சத்தத்துக்காக வெடிக்கிற எதையும் 1997 முதல் இங்கே பொதுமக்களுக்கு விற்கக் கூடாது. புஸ்வாணம், மத்தாப்பு, ராக்கெட், வானத்தில் பூப்பூவாக விரியும் ஷாட் பெட்டிகள் கிடைக்கும். சக்கரமும் உண்டு, ஆனால் அதைத் தரையில் விடுவதில்லை, கம்பத்தில் ஆணி அடித்துச் சுழலவிடுகிறார்கள். வாங்குபவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். வழக்கமான விற்பனை அக்டோபர் 15 முதல் நவம்பர் 10 வரை, அப்புறம் டிசம்பர் கடைசி வாரம். இதற்கு வெளியே தீபாவளி வந்தாலும், 2023இல் நவம்பர் 12 அன்று வந்ததே அது போல, பண்டிகைக்கு முந்தைய மூன்று நாளும் விற்கலாம் என்று விதி இருக்கிறது. ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாம் என்று மட்டும் யாரும் நினைக்காதீர்கள். கைப்பையிலும் சரி, சரக்கில் போடும் பெட்டியிலும் சரி, விமானத்தில் பட்டாசு அறவே கூடாது.

பெட்டியை வாங்குவதற்கு முன்னால் திருப்பிப் பாருங்கள். வகை எஃப்2 என்று போட்டிருந்தால் பார்ப்பவர்கள் குறைந்தது 8 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், எஃப்3 என்றால் 25 மீட்டர். எஃப்4 தொழில்முறை ஆட்களுக்கு மட்டும். வரிசை வீடுகளின் பின்தோட்டத்தை அளந்து பார்த்தால் எஃப்3 பெரும்பாலோருக்கு ஆகாது என்று உடனே புரிந்துவிடும். அதற்காகத் தெருவுக்கோ பூங்காவுக்கோ எடுத்துக்கொண்டு போனால் அது குற்றம். அந்த இடத்திலேயே 90 பவுண்டு அபராதம் போடலாம், வழக்கு என்று போனால் ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. பெரிய வாணவேடிக்கை பார்க்க ஆசைப்பட்டால் நவம்பர் 5ஐ ஒட்டி நடக்கும் பொதுக் காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

நான் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே இரண்டு பக்கத்து வீட்டுக் கதவிலும் ஒரு சீட்டுப் போட்டுவிடுவேன்: இன்ன தேதி, காலை ஏழு மணிக்கு, இருபது நிமிடம், இது எங்கள் பண்டிகை. வலப்பக்கத்து வீட்டு அம்மாவின் நாய் சத்தத்துக்கு நடுங்கி சோபாவுக்கு அடியில் போய்விடும், அதனால் அவர் அதற்கு முன்பே அதை நடக்கக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். இப்போது சட்டம் 120 டெசிபல் வரை அனுமதிக்கிறது, அதை 90 ஆகக் குறைக்கச் சொல்லிப் பலரும் கேட்கிறார்கள். குறைக்கட்டும் என்றுதான் நானும் சொல்வேன், என் பிள்ளைகளுக்குப் புஸ்வாணமும் மத்தாப்பும் போதும். மத்தாப்பு எரிந்து முடிந்த கம்பியைப் போட ஒரு வாளித் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும், ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தை கையில் மத்தாப்பைக் கொடுக்கவே வேண்டாம்.