அம்பாசிடருக்கும் கால்ஷீட்

3 மார்ச் 2025, திங்கள்

எங்கள் படத்தின் காரைக்குடி ஷெட்யூலுக்கு, அதாவது அங்கே நடக்கும் படப்பிடிப்புக்கு, இன்னும் மூன்று வாரம். எந்த நாளில் எந்த சீன் என்று அடுக்குவது என் வேலை. கதை 1984-இல் நடக்கிறது. ஆபீஸில் யாரைப் பார்த்தாலும் "ஹீரோ டேட் வந்துடுச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். ஹீரோவின் தேதியைப் பார்த்துக்கொள்ள மேனேஜர் இருக்கிறார். படத்தில் அவரைவிட அதிக சீனில் வரும் அம்பாசிடர் காருக்கு யார் இருக்கிறார்கள்?

ஹாலிவுட்டில் 'டே அவுட் ஆஃப் டேஸ்' என்று ஓர் அட்டவணை போடுவார்கள். ஒரு நடிகருக்கு முதல் நாள் எது, வேலை நாள் எது, சும்மா காத்திருக்கும் நாள் எது, கடைசி நாள் எது என்று ஒரே வரியில் தெரிந்துவிடும். இந்த முறை நடிகர்களுக்குக் கீழே கார், வீடு, ஆட்டுக்குட்டி, நாடாச் சுருள் சுற்றும் பழைய ஸ்பூல் ரெக்கார்டர் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு வரி போட்டுவிட்டேன். கார் சும்மா நின்றாலும் நாள் வாடகை உண்டு. காசு கரைவது அந்தக் காத்திருக்கும் கட்டங்களில்தான்.

5 மார்ச், புதன்

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. நல்ல கண்டிஷனில் இருப்பவை இப்போது கல்யாண ஊர்வலத்துக்குப் போகின்றன. "முகூர்த்த நாள்ல மட்டும் கேட்காதீங்க சார்" என்றார் கார்க்காரர். நாங்கள் போவது பங்குனியில். தினசரி காலண்டரைப் பார்த்து முகூர்த்த நாள்களையெல்லாம் ஷீட்டில் சிவப்பாக அடித்தேன்.

அடுத்தது நம்பர் பிளேட். 1984 என்றால் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, பழைய மூன்றெழுத்து வரிசை. 'டிஎன் 01' மாதிரி டிஎன்னை அடுத்து இலக்கம் வரும் எண்களெல்லாம் 1989-க்குப் பிறகு வந்தவை. போலி பிளேட்டோடு பொதுச் சாலையில் ஓட்ட கார்க்காரர் சம்மதிக்கவில்லை, அது நியாயம்தான். எனவே கார் ஓடும் ஷாட் எல்லாம் நாம் அடைத்து வைக்கும் ஒரே தெருவுக்குள். மூன்று சீன் இடம் மாறின.

6 மார்ச், வியாழன்

ஸ்பூல் ரெக்கார்டர் கிடைத்தது. பாடாது. "சுத்தினா போதும்" என்றார் ஆர்ட் அசிஸ்டன்ட். சரி.

8 மார்ச், சனி

இன்று முழுக்க வீடு. செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரே சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது. பங்காளிகள் பல பேர். ஒருவர் சென்னையில், ஒருவர் பெங்களூரில், ஒருவர் மலேசியாவில். அத்தனை பேரும் சம்மதித்தால்தான் சாவி கைக்கு வரும். சம்மதித்த பிறகு ஒருவர் போனில், "அந்த வாரம் படைப்பு இருக்கே" என்கிறார். முன்னோர்க்குப் படையல் போட குடும்பமே ஊருக்கு வரும். அதைத் தள்ளிவைக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், எடுக்கவேண்டிய சீன்களில் அப்பா, அம்மா, ஹீரோ மூவரும் காம்பினேஷன், சேர்ந்தே வரவேண்டும். மூவரும் சேர்ந்து கிடைக்கும் நாள்களில் படைப்பையும் முகூர்த்தத்தையும் கழித்தால் நான்கு நாள் மிச்சம். ஷெட்யூலே இந்த நான்கு நாளைச் சுற்றித்தான். முகப்பு, தெரு, வயல் எல்லாம் எங்கே வேண்டுமானாலும் நகரும்.

9 மார்ச், ஞாயிறு

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, சினிமாவுக்கு விடுமுறை. ஊரில் ஷூட்டிங் கிடையாது. எனக்கு உண்டு, எக்செல்லில்.

12 மார்ச், புதன்

குழந்தை நட்சத்திரத்துக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேலும் கூடாது. காகிதத்தில் இது சுலபம். பாப்பா காலை ஒன்பதுக்கே வந்து உட்கார்ந்திருக்க, கூட நடிக்கும் பெரிய நடிகர் பதினொன்றுக்கு வந்து இறங்கினால் அந்த இரண்டு மணி நேரம் யார் கணக்கு? பாப்பா தனியாக வரும் ஷாட்களைக் காலையிலேயே வைத்துவிட்டேன்.

ஆட்டுக்குட்டிதான் பெரிய தலைவலி. விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி, கால்நடை மருத்துவர் சான்று எல்லாம் வாங்கிவிடலாம். ஆனால் குட்டி வளருமே! கதையில் ஒரே வாரத்தில் நடப்பதை இரண்டு ஷெட்யூலாகப் பிரித்தால், இரண்டாவதில் வந்து நிற்பது கொம்பு முளைத்த கிடா. அதன் சீன் எல்லாம் முதல் ஷெட்யூலிலேயே முடியவேண்டும்.

14 மார்ச், வெள்ளி

வில்லன் நடிகரின் மேனேஜர் பேசினார். ஏப்ரல் 2-ஆம் தேதி வேறு படத்துக்காக அவர் தாடியை எடுக்கிறாராம். தேதி தருகிறார், தாடி தரமாட்டேன் என்கிறார். தாடிக்கும் தனியாக ஒரு வரி போட்டேன்.

மாற்றி அடுக்கிய புது ஷூட்டிங் ஆர்டரை எல்லாருக்கும் அனுப்பினேன். புரொடக்‌ஷன் மேனேஜரிடமிருந்து மட்டும் பதில் வந்தது: "லிஸ்ட்ல ஆட்டுக்குட்டி பேர் இருக்கு. அதுக்கு பேட்டா உண்டா?"