அத்தையின் மெழுகுதிரி

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அத்தை வேளாங்கண்ணிப் பக்கமே போனதில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. அத்தை பூசையில் இருந்தார். "நீ முடிச்சிட்டு வா" என்று மாமா கடற்கரைக்குப் போய்விட்டார். கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை. மாமாவும் வரவில்லை. அடையாளம் தெரியாமல் அடக்கம் செய்யப்பட்டவர்களில் அவரும் இருக்கலாம், அவ்வளவுதான்.

2025 பெரிய வாரத்தில் திடீரென்று போன் செய்தார். "பாஸ்காவுக்கு மாதா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறியாப்பா?"

திருச்சியிலிருந்து பஸ். ஏப்ரல் 19, பாஸ்கா இரவு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவு, கலையரங்கத் திடலில் உட்கார இடமில்லை. விளக்குகளை அணைத்தார்கள். புது நெருப்பை மந்திரித்து, பாஸ்கா திரியில் சிலுவையும் அகர னகரமும் 2, 0, 2, 5 என்ற எண்களும் வரைந்து, ஐந்து காயங்களுக்காக ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிப்பது வழக்கம். அந்த ஆண்டின் எண்ணை எழுதுவது எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆண்டவர் எப்போதோ உயிர்த்தார் என்று ஒதுக்கிவிட முடியாது பாருங்கள்.

"கிறிஸ்துவின் ஒளி இதோ!" திரிக்குத் திரி நெருப்பு தாவியது. கடற்காற்று விடவில்லை. அத்தையின் திரி மூன்று தடவை அணைந்தது. பக்கத்தில் குங்குமம் வைத்த ஓர் அம்மா, வேளாங்கண்ணிக்கு யார்தான் வருவதில்லை, மூன்று தடவையும் தன் திரியைச் சாய்த்துப் பற்றவைத்தார். கடைசியில் முந்தானையால் இரண்டு திரிகளுக்கும் சேர்த்தே மறைப்புக் கட்டிவிட்டார்.

நான் பயந்தது வாசகங்களுக்குத்தான். பாஸ்கா இரவில் எதை விட்டாலும் பைபிளின் விடுதலைப் பயண வாசகத்தை விடக் கூடாது என்பது விதி. கடல் பிளக்கிறது, ஒரு கூட்டம் கரையேறுகிறது, இன்னொரு கூட்டத்தைத் தண்ணீர் மூடுகிறது. அத்தையைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. மெழுகு அவர் விரலில் சொட்டியிருந்தது, துடைக்காமலே இருந்தார்.

'உன்னதங்களிலே' கீதம் பாட, பெரிய வியாழனிலிருந்து வாய் மூடியிருந்த மணிகள் ஒலித்தன. கொடியேந்திய உயிர்த்த ஆண்டவர், வாணவேடிக்கை, கைத்தட்டல். வாணவேடிக்கை எனக்கு ஒட்டுவதில்லை. முதல் உயிர்ப்பை எந்தக் கண்ணும் பார்க்கவில்லையே.

பிறகு திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பித்தோம். உடலின் உயிர்ப்பை நம்புகிறீர்களா என்று சாமியார் கேட்டார். "நம்புகிறேன்" என்றது திடல். அது அடங்கியபின் அத்தையின் குரல் தனியாகக் கேட்டது: "விசுவசிக்கிறேன்." சின்ன வயதில் மனப்பாடம் செய்த சொல். 'சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்' என்று தினமும் செபமாலையில் சொல்பவர்தான். ஆனால் உடலே கிடைக்காதவரின் மனைவி இந்த மண்ணில் நின்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

விடிந்ததும் சுனாமி நினைவுத் தூணுக்குப் போகலாம் என்றார். கைப்பையிலிருந்து எரிந்து மிஞ்சிய திரித்துண்டை எடுத்தார். நாலு தீக்குச்சி வீணானது; ஐந்தாவதற்கு நான் கையைக் குவித்துப் பிடித்தேன்.

"உங்க மாமா பூசைக்கு டிமிக்கி குடுத்துட்டுப் போன ஆளு," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அதான் நானே கொண்டாந்துட்டேன்."

திரி முழுசாக எரியும்வரை நின்றோம். எட்டு மணி பஸ் போய்விட்டது.