தங்கைக்காக ஒரு நேர ஆப்: மூன்று மாதக் குறிப்புகள்

விளையாட்டு வினையாகும் என்பார்கள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தங்கை, "எனக்கு நேரம் பத்தவே மாட்டேங்குது, ஒரு ஆப் செஞ்சு கொடேன் அண்ணா" என்று போகிற போக்கில் சொன்னாள். அன்றிலிருந்து மூன்று மாதமாக என் சனி, ஞாயிறு எதுவும் என் கையில் இல்லை.

முதல் வாரம் கணினியையே தொடவில்லை. ஒரு தாளில் 7 பத்தி, 24 வரி என்று கட்டம் போட்டேன். மொத்தம் 168 கட்டம். பென்சிலை அவளிடம் கொடுத்து, போன வாரம் எப்படிப் போனதோ அப்படியே நிரப்பச் சொன்னேன். தூக்கம் 56 மணி, வகுப்பும் ஆய்வகமும் 30, பகுதி நேர வேலை 12, போக வர 10, சாப்பாடு, குளியல் வகையறா 17.5. கூட்டினால் 125.5. மிச்சம் 42.5.

"நாற்பத்திரண்டு மணி நேரமா? என்கிட்டயா? எங்கண்ணா போச்சு அதெல்லாம்?"

எனக்கும் ஆச்சரியம்தான். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் திரையின் உச்சியில் போட்டு முதல் வடிவத்தைச் செய்தேன். இரண்டே நாளில் அவளுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. தாளை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. மிச்ச நேரத்தில் பாதிக்கு மேல் அரை மணி, முக்கால் மணித் துண்டுகள். ஒன்றரை மணிக்குக் குறையாமல் சேர்ந்தாற்போல் கிடைத்தவை வாரத்துக்கு ஒன்பதுதான். கட்டுரை எழுத உட்காருகிறவளுக்கு 40 நிமிடத் துண்டு பத்து இருந்தும் பயனில்லை. மொத்தத்தைத் தூக்கிவிட்டு, ஒரு துண்டைத் தொட்டால் அதற்குள் அடங்கும் வேலைகள் மட்டும் தெரியும்படி மாற்றினேன். இன்றுவரை ஆப்பில் அவள் அதிகம் தொடுவது அந்த இடத்தைத்தான்.

இதை ஃபிளட்டர் என்ற ஆப் எழுதும் கருவியில் எழுதினேன், தரவு எல்லாம் போனிலேயே எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில். கணக்குத் திறப்பது, கடவுச்சொல், சர்வர் எதுவும் கிடையாது. ஒருத்தி எந்த நேரத்தில் எங்கே இருப்பாள் என்ற பட்டியலை அவள் கையைத் தாண்டி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து வந்ததுதான் உண்மையான சிக்கல். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளையே கேட்டேன். ஆய்வக அறிக்கைக்கு 2 மணி என்றாள். ஆனது 4 மணி 10 நிமிடம். அடுத்த அறிக்கைக்கும் கூசாமல் 2 மணி என்றாள். இது அவள் மட்டும் செய்யும் தப்பு அல்ல. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979லேயே இதற்குத் 'திட்டமிடல் மயக்கம்' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 1994ல் வந்த ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த 37 மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5. ஆக, கெட்டதை நினைத்துச் சொன்ன கணக்கும் போதவில்லை.

ஆகவே 'சரியாகச் சொல்' என்று அவளைக் கேட்பது வீண். அவள் 2 மணி என்றே சொல்லட்டும், ஆப் பெருக்கிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு வகை வேலைக்கும் 'ஆன நேரம் வகுத்தல் சொன்ன நேரம்', கடைசி ஐந்து முறைக்கு. அதிலிருந்து வருவதுதான் பெருக்கல் எண். முதலில் சராசரி எடுத்தேன். ஒருநாள் அவள் டைமரை நிறுத்த மறந்து தூங்கிவிட்டாள். அந்த அறிக்கைக்கு 11 மணி நேரம் ஆனதாகப் பதிவாகி, மறுவாரம் முழுவதையும் அறிக்கையே விழுங்கிவிட்டது. சராசரியை விட்டு இடைநிலை அளவுக்கு, அதாவது ஐந்தையும் வரிசையாக வைத்தால் நடுவில் நிற்கும் எண்ணுக்கு, மாறினேன். பள்ளியில் படித்தது இருபது வருஷம் கழித்து உதவியது.

கூட்டிய நேரத்தைச் சிவப்பில் காட்டியதும் தப்புதான். "திட்டற மாதிரியே இருக்கு" என்றாள். இப்போது கட்டம் தானாக நீளும். அவள் சொன்ன அளவு அடர்நிறத்தில், நான் கூட்டியது அதே நிறத்தில் வெளிறி. எச்சரிக்கை வாசகம் ஒன்றும் இல்லை.

டைமரையும் அப்புறம் எடுத்துவிட்டேன். அவளும் அவள் தோழிகள் நால்வரும் இரண்டு வாரம் பயன்படுத்திப் பார்த்ததில், தொடங்கும்போது பொத்தானை அழுத்தியவர்கள் பாதிக்குப் பாதிகூட இல்லை. அதற்குப் பதிலாக, ஒதுக்கிய நேரம் முடிந்ததும் ஓர் அறிவிப்பு வரும். முடிந்தது, பாதி, தொடவே இல்லை என்று மூன்று பொத்தான். ஆண்ட்ராய்டு அறிவிப்பில் மூன்றுக்கு மேல் வைக்க முடியாது. நான்காவதாக ஒன்று வைக்க ஆசைப்பட்டேன், நல்லவேளை முடியவில்லை. 'பாதி' என்றால் ஆப் இன்னொரு துண்டு தேடும். 'முடிந்தது' வரும்வரை செலவான துண்டுகளின் கூட்டுத்தொகைதான் ஆன நேரம். டைமர் அளவுக்குத் துல்லியம் இல்லை, ஆனால் விடுபடாமல் பதிவாகிறது.

இந்த அறிவிப்பு என்னை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை படுத்தியது. 4 மணிக்கு வரவேண்டியது 4.35க்கு வந்தது. பிழையை என் நிரலில் தேடோ தேடென்று தேடினேன். குற்றவாளி டோஸ். 2015ல் ஆண்ட்ராய்டு 6ல் வந்த வசதி இது. சார்ஜில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் போன் உறங்கப் போகும், சாதாரண அலாரங்கள் தள்ளிப்போகும். அதை மீறித் துல்லியமாக எழுப்பத் தனி வழி உண்டு. ஆனால் ஆண்ட்ராய்டு 12 முதல் அதற்கு அனுமதி வேண்டும், 14ல் புதிதாக நிறுவும் ஆப்களுக்கு அந்த அனுமதி பொதுவாக மூடியே இருக்கும்.

அனுமதி கேட்கும் பக்கத்தை எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. 4.35 என்பது அவள் போனைக் கையில் எடுத்த நேரம். வேலை எப்படிப் போயிற்று என்று கேட்க அதைவிட நல்ல நேரம் ஏது? 4 மணிக்கே கேட்டிருந்தால் எழுதிக்கொண்டிருந்தவளைக் கலைத்திருப்பேன். எழுதிய நிரலைப் பாதி அழித்தேன். வகுப்புக்கு முந்தைய நினைவூட்டலுக்கு மட்டும் துல்லிய அலாரம், கேள்விகள் தாமதமாகவே வரட்டும்.

கால அட்டவணையை உள்ளிட விரலால் இழுத்து நிரப்பும் கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் சொல்ல ஒன்றுமில்லை, வேலை செய்கிறது.

தூக்கி எறிந்ததில் எனக்கு அதிகம் வலித்தது தொடர்நாள் கணக்கு. விடாமல் இத்தனை நாள் செய்தாய் என்று ஒரு சுடர் எரியும். அழகாக வரைந்திருந்தேன். தோழிகளில் ஒருத்தி, சுடர் அணைந்துவிடக் கூடாது என்று தொடாத வேலைக்கெல்லாம் 'முடிந்தது' போட்டிருக்கிறாள். அவளுடைய பெருக்கல் எண் 0.9 என்று வந்தபோதே எனக்குச் சந்தேகம்தான். சுடரை அணைத்த வாரமே அது 1.7க்கு ஏறியது.

தங்கையின் ஆய்வக அறிக்கை எண் இப்போது 1.8. அவள் இன்னும் 2 மணி என்றுதான் சொல்கிறாள்.

அடுத்து குழு வேலை. ஐந்து பேருடைய வாரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எல்லோருக்கும் பொதுவான ஒன்றரை மணித் துண்டைத் தேடும் பகுதியை நேற்று இரவு ஓட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு துண்டு கிடைத்தது. ஞாயிறு காலை 6 மணி. தங்கையிடம் காட்டினேன். "உன் ஆப்புல ஏதோ தப்பு இருக்குண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.