ஊர் வாக்கு
தேர்தல் முடிவுகளைப் பார்த்துவிட்டு, கொழும்பில் யாரைக் கண்டாலும் "உங்கட ஊர்ச்சனம் தமிழ்க் கட்சியை விட்டு மாறிட்டுது போல" என்று கேட்கிறார்கள். எனக்குக் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் வன்னியில் இருக்கிற எங்கட ஊரான மல்லாவியில் ஒருவரோடும் கதைக்காமல்தான் இந்த முடிவுக்கு வருகிறார்கள்.

2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் வன்னியில் சஜித் பிரேமதாச முதலிடம், நாட்டில் வென்ற அநுர குமார திசாநாயக்க நான்காமிடம். நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் அதே வன்னியில் அநுரவின் தேசிய மக்கள் சக்தியின் சின்னமான திசைகாட்டி முதலாவதாக வந்து 6 ஆசனத்தில் 2ஐ எடுத்தது. அடுத்த மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கின் பல சபைகளில் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம்தான் முன்னுக்கு நின்றது. எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு.

நவம்பரில் வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி வாக்குப் போடப் போனேன். வாக்காளர் அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் செருகியிருந்த அம்மம்மா, வழக்கம்போல வீட்டுக்குத்தான் போட்டார். சித்தப்பா திசைகாட்டிக்கு. நெல்லுக்குச் சரியான விலை வேணும், இரவில் யானை வயலுக்குள் இறங்கக்கூடாது, அதற்கு ஆளுங்கட்சியில் கேட்க ஒருத்தர் வேணும் என்றார். அவர் தமிழருக்கான அரசியல் தீர்வைக் கைவிட்டுவிட்டார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன், காணாமல் போன தன் மகனின் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் அன்று காலையும் வெளிக்கிட்டார்.

வடமாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல். அம்மம்மா போன் எடுக்கும்போதெல்லாம் கேட்கிறார், "மாகாண சபைக்கு எப்ப மோனை வைப்பாங்கள்?"