பூண்டுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா: இதுவரை பார்த்தது

பூண்டின் கிருமிக்கொல்லிப் பொருள் அல்லிசின். முழுப் பூண்டுப் பல்லில் அது அநேகமாகக் கிடையாது. அதன் மூலப்பொருளான அல்லின் ஒரு பக்கம், அதை மாற்றும் அல்லினேஸ் நொதி செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பைக்குள் இன்னொரு பக்கம். நசுக்கியதும் இரண்டும் சேர்ந்து நொடிகளில் அல்லிசின் பிறக்கிறது. பாக்டீரியாப் புரதங்களில் கந்தகம் கொண்ட தயோல் தொகுதிகளில் அது ஒட்டிக்கொண்டால் புரதம் வேலை செய்யாது. அப்படிப்பட்ட பல்லுக்குள்ளேயே வாழும் பாக்டீரியா இதை எப்படிச் சமாளிக்கிறது?

தோல் உரித்த பல்லை எழுபது சத ஸ்பிரிட்டிலும், பிறகு பிளீச்சிங் கரைசலிலும் முக்கி, கொதித்து ஆறிய நீரில் அலசினேன். கடைசி அலசல் நீரையும் ஒரு தட்டில் தடவி வைத்தேன். அதில் எதுவும் முளைக்காவிட்டால்தான் மற்ற தட்டில் வருவது உள்ளிருந்து வந்தது என்று நம்பலாம். உருளைக்கிழங்குச் சாறு, கொஞ்சம் சர்க்கரை, அகர், குக்கரில் இருபது நிமிடம். அவ்வளவுதான் பாக்டீரியா வளரும் ஊடகம்.

சிக்கல் நசுக்கும்போதுதான். உள்ளிருக்கும் பாக்டீரியாவை வெளியே எடுக்க நசுக்கியாக வேண்டும்; நசுக்கினால் அல்லிசின் வந்து அவற்றையே கொல்லும். அப்படியே நசுக்கித் தடவினால் தாங்கும் ஆட்கள் மட்டுமே தட்டில் முளைப்பார்கள், "பூண்டில் இருப்பதெல்லாம் எதிர்ப்புள்ளவை" என்று தப்பாகத் தோன்றும். அதனால் பாதியைச் சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தின் கரைசலுக்குள் வைத்தே நசுக்கினேன். சிஸ்டைனில் தயோல் உண்டு, அல்லிசின் அதோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். எதிர்பார்த்தபடி சிஸ்டைன் தட்டில் காலனிகள் பல மடங்கு, நிறங்களும் பலவிதம். சிஸ்டைன் இல்லாத வெறும் தட்டில் ஓரிரு வகை மட்டும்.

அடுத்து குழிச் சோதனை: பாக்டீரியா தடவிய அகரில் குழி வெட்டிச் சாறு ஊற்றினால், சாறு கொல்லும் தூரம் வரை எதுவும் முளைக்காமல் வெற்று வளையம் விழும். ஒப்பிட, உரக்கடையில் கிடைக்கும் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்ற பாக்டீரியாப் பொடியிலிருந்து ஒரு காலனி. குழியில் புதுப் பூண்டுச்சாறு. பக்கத்துக் குழியில், பல்லை வேகவைத்த பிறகு நசுக்கிய சாறு. வேகும்போதே நொதி செத்துவிடுவதால் அதில் அல்லிசின் வராது. வெந்த சாற்றைச் சுற்றி எங்கும் வெற்று வளையம் இல்லை. புதுச்சாற்றைச் சுற்றி, உரக்கடைப் பாக்டீரியாவுக்கு அகலமான வளையம். வெறும் தட்டில் முளைத்த ஒரு வெளிர் மஞ்சள் காலனிக்கு வளையமே சந்தேகம். ஒரு விஷயம்: அல்லிசின் ஆவியாகவும் கொல்லும். பூண்டுத் தட்டுகளை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் வைக்கக்கூடாது.

இது புதுசு இல்லை. ஜெர்மனியின் ஆகென் நகரில் ஒரு குழு பூண்டுப் பல்லிலிருந்தே அல்லிசினை அபாரமாகத் தாங்கும் ஒரு சூடோமோனாஸைப் பிரித்து 2020-இல் வெளியிட்டது. தயோல்களைப் பழுதுபார்க்கும் மரபணுக்கள் கூட்டமாக, வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்தவை போல அதில் இருந்தன, அவற்றை ஈ.கோலைக்கு மாற்றினால் அதுவும் தாங்கியது. அதே ஆண்டு, வெங்காயத்தை அழுகவைக்கும் பான்டோயா அனனாடிஸிலும் இதே மாதிரி ஒரு மரபணுக் கொத்து பிளாஸ்மிட்டில் (குரோமோசோமில் சேராமல் தனியாக இருக்கும், தொலைந்தும் போகக்கூடிய டி.என்.ஏ.) இருப்பது தெரியவந்தது.

என் மஞ்சள் காலனி எந்த இனம் என்று வீட்டில் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைச் சோதிக்கலாம்: பூண்டே படாத ஊடகத்தில் அதைத் தலைமுறை தலைமுறையாக மாற்றி வளர்த்துவிட்டு, மறுபடி குழிச் சோதனை. வளையம் பெரிதானால், தாங்கும் திறன் பழக்கத்தால் வந்திருக்கலாம், இல்லை பிளாஸ்மிட் நழுவியிருக்கலாம். அப்படியே நின்றால் குரோமோசோமில் எழுதியது என்ற பக்கம் சாய்வேன். பழைய தட்டுகளைக் குக்கரில் அவித்துத்தான் குப்பையில் போடுகிறேன். அதற்கென்று தனிக் குக்கர் வாங்கியாயிற்று, வீட்டில் சமாதானம்.